கண்ணாடிப் பெட்டியோடு வந்த ஆமிக்காரன்

உ
சிவமயம்

ஷாஃப்ஹவுசன்
4.12.1988, ஞாயிறு

அன்பு மகள் சந்திரமதிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாய்த்தான் இருக்கிறோம். நீயும் மருமகனும் குஞ்சுப் பேரனும் அந்தக் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும் நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ அனுப்பிய படம் கிடைத்தது. பேரனுக்குப் போட்டிருக்கும் பனி உடுப்புக்குள் மூக்கு மட்டும்தான் தெரிகிறது, அது உன்னுடைய மூக்கு என்று அப்பா சொல்கிறார், நான் மருமகனுடைய மூக்கு என்கிறேன், அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. போன மாதம் நான் பதில் போடவில்லை என்று நீ யோசித்திருப்பாய். இரண்டு முறை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன், அதுதான் காரணம். திகைப்பு இன்னும் போகவில்லை. நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன், பேரன் நித்திரையாக இருக்கும் நேரம் பார்த்து ஆறுதலாக வாசி.

அப்பா ஆற்றங்கரை ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி மரக்கறி வெட்டுகிறார் என்பது உனக்குத் தெரியும். அங்கே ஊர்ஸ் என்று ஒரு சமையல்காரர் இருக்கிறார். முப்பது வயது இருக்கும், கல்யாணம் செய்யவில்லை, எங்கள் வாசலுக்குள் குனிந்துதான் வர வேண்டும், அவ்வளவு உயரம். கரட் வெட்டிக்கொண்டே அப்பாவுக்கு இந்த ஊர் டொச் பாஷை சொல்லிக்கொடுப்பவர் இவர்தான். அப்பாவின் கையில் கொதியெண்ணெய் பட்ட அன்று வேலையைப் போட்டுவிட்டு டொக்டரிடம் கூட்டிப் போனவரும் இவர்தான். அந்தக் குசினியில் அப்பாவுக்கு இருக்கும் ஒரே நல்ல முகம் அது. இந்த மனிதர் நவம்பர் தொடக்கத்தில் அப்பாவிடம் ஓர் உதவி கேட்டிருக்கிறார், மூன்று கிழமை வெளியூர் போக வேண்டும், தன்னுடைய பிராணியைப் பார்த்துக்கொள்ள முடியுமோ என்று. அப்பா உடனே ஓம் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம், "பூனையிலும் பார்க்கச் சின்னன், சத்தமும் போடாதாம்" என்றார். நானும் முயல் அல்லது குருவி என்று நினைத்து, சரி, பாவம், தனி மனிதர், வைத்திருப்போம் என்றேன்.

திங்கட்கிழமை ஹோட்டல் பூட்டு. அன்று காலை அப்பா குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தார், நான் குசினியில் பருப்பு அவியப் போட்டுவிட்டு நின்றேன். பெல் அடித்தது. போய்த் திறந்தேன். வாசலில் ஆமிக்காரன் நின்றான். பச்சையும் சாம்பலும் கலந்த உடுப்பு, கனத்த சப்பாத்து, தோளில் துவக்கு. அவன் கையில் எதையோ ஏந்தியிருந்தான், அது எனக்குத் தெரியவில்லை. முகமும் தெரியவில்லை. துவக்கும் சப்பாத்தும் மட்டும்தான் தெரிந்தன. அதற்குப் பிறகு நான் செய்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. கால் மடிந்து நிலத்தில் விழுந்துவிட்டேன், அந்தச் சப்பாத்து இரண்டையும் பிடித்துக்கொண்டேன். "மாத்தையா, அவன் வீட்டில இல்லை மாத்தையா, அவன் படிக்கிற பிள்ளை, ஒண்டும் செய்யேல்லை, என்னைக் கொண்டு போங்கோ, அவனை விடுங்கோ" என்று என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. ஷாஃப்ஹவுசனில், மூன்றாம் மாடியில், ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்து, சிங்கள ஆமியை ஐயா என்று கூப்பிடுவதுபோல் மாத்தையா என்கிறேன். அப்பா பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார்.

சந்திரா, தம்பியைக் கொண்டுபோன விதத்தை நான் உனக்கு எழுதியதில்லை. நீ அப்போதுதான் கனடா போய்ச் சேர்ந்திருந்தாய், வயிற்றில் பிள்ளை வேறு. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். அப்பாவும் அன்று வீட்டில் இல்லை, வவுனியாவில் வேலையில் நின்றார், அவர் வந்து கேட்டபோதும் "வந்தாங்கள், கொண்டு போட்டாங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் நான் உடைந்து போவேன் என்று அவர் நினைத்திருக்கிறார், சொன்னால் அவர் உடைந்து போவார் என்று நான் நினைத்தேன். அவன் கிணற்றடியில் நின்றான் பிள்ளை. தலையில் சவர்க்காரம், அதைக் கழுவக்கூட விடவில்லை. நான் வாசலில் விழுந்து சப்பாத்தைப் பிடித்தேன், அவன் வீட்டில் இல்லை என்று சொல்லிக்கொண்டே பிடித்தேன், அவன் பின்னால் நின்று "அம்மா, எழும்புங்கோ அம்மா" என்று கூப்பிடுகிறான். அன்று சொன்ன அதே சொற்களைத்தான் இங்கேயும் சொல்லியிருக்கிறேன். ஒரு சொல் மாறவில்லை. நுரை வழிய வழிய நின்று அப்பா அதைக் கேட்டார். அவருடைய மகனை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று அந்த மனிதருக்கு அன்றுதான் தெரிந்தது.

வந்தவர் ஊர்ஸ். இந்த நாட்டில் சமையல்காரனோ வாத்தியாரோ வங்கியில் இருப்பவனோ, ஆண்பிள்ளை என்றால் வருஷத்தில் சில கிழமை ஆமிக்குப் போக வேண்டுமாம். உடுப்பும் துவக்கும் அவரவர் வீட்டு அலுமாரியில் இருக்குமாம். போகும் நாள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவார்களாம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்களாம். அப்பாவுக்கு இது தெரியும். ஸ்டேஷனில் கண்டிருக்கிறார், எனக்குச் சொன்னால் நான் தெருவில் இறங்க மாட்டேன் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார். ஊர்ஸ் அப்படி உடுப்போடு வாசலுக்கு வருவார் என்று அவரும் நினைக்கவில்லை. ஊர்ஸ் என்ன நினைத்தார் தெரியுமோ. நான் அவர் கையில் இருந்த பெட்டிக்குப் பயந்துவிட்டேன் என்று நினைத்தார். பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் முழங்காலில் இருந்து, "பீஸ்ட் நிட், பீஸ்ட் நிட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், கடிக்காது, கடிக்காது என்று. சொல்லிக்கொண்டே பெட்டியை மூடியிருந்த கம்பளியையும் விலக்கிக் காட்டினார்.

உள்ளே பல்லி. பொய்யில்லை, ஒரு சாணுக்கும் மேல் நீளத்தில் ஒரு பல்லி. மஞ்சள் உடம்பு, அதில் சிறுத்தைக்கு இருப்பதுபோல் கறுப்புப் புள்ளி, பருத்த வால். ஆமிக்காரனைக் கண்ட நெஞ்சு அடங்குவதற்கு முன் இதைக் கண்டேன், எனக்கு எதைக் கண்டு அலறுவது என்றே தெரியவில்லை. தலையில் பல்லி விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் பார்க்கிற சனம் நாங்கள், இவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் குடிவைக்கிறார்கள். அதற்கு ஃபிரிட்ஸ்லி என்று பெயரும் உண்டு. இது சுவரில் ஏறாது, காலில் நகம்தான் இருக்கிறது, ஆகவே யாருடைய தலையிலும் விழாது என்று அப்பா மொழிபெயர்த்துச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே ஊர்ஸ் பெட்டியை ஆயத்தம் செய்தார். துவக்கைக் கழற்றி எங்கள் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்தார், நான் அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஆனாலும் அவர் சொன்னது எப்படியோ காதில் ஏறியிருக்கிறது. அப்பா பெட்டியை ஜன்னலடியில் வைக்கப் போனார். அவர் விடவில்லை, ஜன்னலடி குளிரும், வெயில் விழுந்தால் கண்ணாடிக்குள் அடுப்புப்போல் கொதிக்கும் என்று உள்மூலை மேசையில் வைக்கச் சொன்னார். பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் மட்டும் மெல்லிய பாய் மாதிரி ஒன்று, கரண்ட் கொடுத்தால் அது இளஞ்சூடாக இருக்கும். அதே பக்கத்துக்கு மேலே ஒரு சின்ன பல்ப், பல்லி ஏறித் தொட்டுச் சுட்டுக்கொள்ளாமல் சுற்றிவரக் கம்பிக் கூடு. மற்றப் பக்கத்தில் சூடு கிடையாது. இரண்டு பக்கமும் பூச்சட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டிய குகை ஒவ்வொன்று, தோல் உரிக்கும் காலத்துக்கு ஈரப் பாசி போட்ட டப்பா ஒன்று, தண்ணீர்த் தட்டு. இரண்டு பக்கமும் சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாய். சூட்டுப் பக்கத்துக் குழாயில் முப்பதுக்குக் கொஞ்சம் மேலே சிவப்பு மையால் கோடு கீறியிருந்தார், அந்தக் கோட்டை விட்டு ஏறவும் கூடாது, வெகுவாக இறங்கவும் கூடாது. இதன் வயிறு சூடாக இருந்தால்தான் தின்றது செமிக்குமாம், குளிர்ந்தால் தின்றது வயிற்றுக்குள்ளேயே கிடந்து அழுகுமாம். பின்னேரம் பல்ப் தானாக அணையும்படி ஒரு மணிக்கூட்டுச் சுவிட்சும் பூட்டினார், இரவில் அதற்கு வெளிச்சம் கூடாது, அடிச்சூடு மட்டும் போதும் என்று. முழுப் பெட்டியையும் சூடாக்கினால் என்ன என்று அப்பா கேட்டார். ஊர்ஸ் தலையை ஆட்டினார். "அதுக்குத் தப்பி ஓட ஒரு பக்கம் இருக்க வேணும். சூடு காணாட்டி அங்க போகும், கூடினால் இஞ்ச வரும். எது வேணுமெண்டு அதுக்குத் தெரியும், நாங்கள் ரெண்டையும் குடுத்தாக் காணும்" என்றாராம். முன்பு கடையில் விற்கும் சூட்டுக் கல் ஒன்றை வாங்கி வைத்து, இதற்கு முன் வளர்த்த பல்லி அதிலேயே படுத்து வயிறு வெந்து போயிற்றாம், அதைச் சொல்லும்போது அவருடைய முகம் கறுத்தது. பிறகு துவக்கைத் தோளில் போட்டார், என்னைப் பார்த்து மறுபடியும் "பீஸ்ட் நிட்" என்றார், போய்விட்டார்.

அவர் போன பிறகு அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.  பிறகு, "தலையில சவர்க்காரத்தோடயே கொண்டு போனவங்கள்?" என்று கேட்டார். வாசலில் நான் அதையும் சொல்லியிருக்கிறேன்போல. ஓம் என்றேன். பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை மணம், இரண்டு பேரும் எழும்பவில்லை.

அதற்குப் பிறகு ஃபிரிட்ஸ்லியோடு குடித்தனம் நடத்தியது நான்தான், அப்பாவுக்கு மத்தியானமும் இரவும் வேலை. அடுத்த திகைப்பு பிரிட்ஜுக்குள் இருந்தது. ஒரு டப்பா, மூடியில் ஓட்டைகள், திறந்தால் தவிட்டுக்குள் புழு நெளிகிறது. அதுதான் அதன் சாப்பாடு, குளிருக்குள் வைத்தால்தான் புழு வண்டாக மாறாமல் இருக்குமாம், அப்பா எனக்குச் சொல்லப் பயந்து தயிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை விரதச் சமையலுக்குத் தயிர் எடுக்கப் போய் நான் அதைத் திறந்தேன். அந்தத் தயிரைக் கொட்டிவிட்டுப் பிரிட்ஜ் முழுவதையும் மஞ்சள் தண்ணீர் போட்டுக் கழுவினேன். சூரிச்சில் இருக்கும் செல்வராணி போன் எடுத்தாள், இதைச் சொன்னால் சிரித்துச் சிரித்து விழுகிறாள், அங்கே லாங்ஸ்ட்ராஸ தெருவில் இருக்கும் தமிழ்க் கடை முழுவதும் இந்தக் கதை போயிருக்கும். பல்லியை நான் பார்க்காமல்தான் இருந்தேன், சூட்டுக் குழாயை மட்டும் பார்ப்பேன். ஆனால் பொழுது படும் நேரம் பல்ப் அணைந்ததும் அது குகையை விட்டு வெளியே வந்து கண்ணாடியடியில் நிற்கும். ஒருநாள் நான் பார்த்துக்கொண்டு நிற்க, அது கண்ணை மூடித் திறந்தது. பிள்ளை, பல்லிக்கு இமை உண்டென்று நீ கேள்விப்பட்டதுண்டோ. எங்கள் வீட்டுப் பல்லிகள் செத்தாலும் முழித்தபடிதான் கிடக்கும். இது மனிதர் மாதிரி இமையை மூடிக்கொண்டு நித்திரை கொள்கிறது. அதைக் கண்ட பிறகு எனக்கு அதைப் பல்லி என்று சொல்ல வாய் வரவில்லை, அது இது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டாம் கிழமை பனி கொட்டத் தொடங்கியது. நான் காலையில் ஒரு கந்தோரில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வருவேன். அன்று வந்து கதவைத் திறந்தால் வீடு குளிரில் கிடக்கிறது. லைட் போட்டால் எரியவில்லை. அறைச் சூட்டுப் பெட்டியும் கரண்டில்தான் ஓடுவது, அதுவும் இல்லை. பியூஸ் போயிருக்கிறது. பியூஸ் பெட்டி கீழே நிலவறையில், சாவி வீடு பார்க்கிற மனிதரிடம், போய்த் தட்டினேன், ஆள் இல்லை. திரும்பி ஓடி வந்து கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். பல்ப் இல்லை, அடிப்பாயும் தொட்டால் சில்லென்று இருக்கிறது, குழாயில் மட்டம் சிவப்புக் கோட்டை விட்டு எங்கேயோ கீழே போய்விட்டது. அது குகைக்கு வெளியே, குளிர்ப் பக்கத்தில், கண்ணை மூடிக் கிடந்தது. கண்ணாடியில் தட்டினேன், அசையவில்லை. செத்துப்போயிற்று என்றுதான் நினைத்தேன்.  துவக்கோடு வந்தவர் துவக்கோடு திரும்பி வந்து, எங்கே என்னுடையது என்று கேட்கப் போகிறார், நான் என்ன பதில் சொல்வேன். அவர் நல்ல மனிதர் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன். நெஞ்சுக்கு ஆளைத் தெரியாது, உடுப்பைத்தான் தெரியும்.

நல்ல காலம், அடுப்பு காஸ் அடுப்பு. தண்ணீரைச் சூடாக்கி அப்பாவின் முதுகு நோவுக்கு வைக்கும் ரப்பர் பையில் ஊற்றினேன். நேரே வைத்தால் வயிறு வெந்துவிடும் என்று பயந்து அப்பா இடுப்பில் உடுத்தும் பழைய சாரத்தால் சுற்றி, பெட்டியின் சூட்டுப் பக்கத்தை மட்டும் அதன்மேல் தூக்கி வைத்தேன். ஒரு பக்கம் மட்டும், தப்பி ஓட மற்றப் பக்கம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே செய்தேன். கம்பளியால் மேலே மூடினேன். பையைத் தொட்டுப் பார்த்து முகத்திலும் வைத்துப் பார்த்தேன், உங்கள் இரண்டு பேருக்கும் பால் சூடு பார்த்ததுபோல. குழாயில் மட்டம் மெல்ல ஏறுகிறது, ஆனால் அது குளிர்ப் பக்கத்திலேயே கிடக்கிறது, வரவில்லை. வேறு வழியில்லை, நான்தான் எடுத்து வைக்க வேண்டும். பழந்துணி ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு, முருகா என்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கையை விட்டேன். உடம்பைப் பிடிக்க மனம் வராமல் பின்பக்கத்தைப் பிடித்துவிட்டேன். அந்தக் கணம் அதற்கு உயிர் வந்தது. ஒரு திமிறு திமிறியது, உடம்பு ஒரு பக்கம், வால் என் கையில். விரல் பருமன் வால், துணிக்குள் துள்ளுகிறது. உதறினேன், அது நிலத்தில் விழுந்து மேசைக் காலடியில் துள்ளித் துள்ளிப் போகிறது. நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக் கிழவர் தன் வீட்டுக் கூரையில் தடியால் இடித்தார். திரும்பிப் பார்த்தால் அது தானாகவே தட்டுத்தடுமாறி நடந்து சூட்டுப் பக்கத்துக் குகைக்குள் போகிறது. செத்தது நடக்கிறது, அறுந்தது துள்ளுகிறது. நான் நிலத்தில் இருந்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, உயிர் இருக்கிறது என்று அழுதேனோ என்னவோ. அப்பா இடைவேளைக்கு வந்து பியூஸ் போட ஆள் பிடிக்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றிச் சூடாக்கி வைத்தபடி இருந்தேன். அப்பா வாலைக் கண்டதும் கதிரையில் இருந்துவிட்டார். "இனி ஊர்ஸுக்கு நான் என்ன சொல்லுறது" என்று அதையே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ஸ் மலைக்கிராமம் ஒன்றில் இருந்து போன் எடுத்தார். அப்பா நின்றபடி, வகுப்பில் வாத்தியாருக்குப் பதில் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னார். ஊர்ஸ் கோபிக்கவில்லை. வால் திரும்ப வளரும், கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைப்பது, ஆகவே புழுவைக் கொஞ்சம் கூடப் போடுங்கள், மண்ணை எடுத்துவிட்டுக் குசினித் தாள் விரியுங்கள், புண்ணில் ஊத்தை படக் கூடாது, சூடு மட்டும் குறையாமல் பாருங்கள் என்றாராம். கடைசியில், "உங்கட மனுசி இன்னும் அதுக்குப் பயப்படுறாவோ" என்று கேட்டாராம். அப்பா இல்லை என்றிருக்கிறார். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். "எந்தச் சொல்லில சொல்லுறது. கரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும்தான் எனக்கு டொச் தெரியும்" என்றார்.

போன சனிக்கிழமைக்கு முதல் சனிக்கிழமை ஊர்ஸ் திரும்பி வந்தார். அப்பா பின்னேர இடைவேளையில் வீட்டில் நின்றார். பெல் அடித்தது, அப்பா திறந்தார், அதே உடுப்பு, அதே சப்பாத்து, அதே துவக்கு. ரயிலால் இறங்கி நேரே வந்திருக்கிறார், ஃபிரிட்ஸ்லியை நினைத்து ஓடி வந்திருக்கிறார், பாவம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த முறை விழக் கூடாது என்று நின்றேன். அவர் என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு மறுபடியும் அந்தப் "பீஸ்ட் நிட்" என்ற கதையைத் தொடங்கினார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. பெட்டியைக் காட்டினேன், "கெக்கோ, நிட்" என்றேன். அவருடைய துவக்கைக் காட்டினேன், "தாஸ்" என்றேன். கெக்கோ என்பது அதன் சாதிக்கு இவர்கள் சொல்லும் பெயர்; எனக்குப் பயம் அதற்கு இல்லை, இதற்குத்தான் என்று. பிறகு, "மைன் சோன். சோல்டாட்டன் கொம்மன். சோன் வெக்" என்றேன். என் மகன், ஆமிக்காரர் வந்தார்கள், மகன் போய்விட்டான். கந்தோர் துடைக்குமிடத்தில் காதில் விழுந்த சொற்களைக் கூட்டிச் சொன்னேன், எனக்குத் தெரிந்த டொச் அவ்வளவுதான்.

சந்திரா, ஒரு மனிதருடைய முகத்தில் இருந்து இரத்தம் இறங்குவதை நான் அன்று கண்டேன். அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா தலையைக் குனிந்தார். அவர் துவக்கைத் தோளில் இருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார். கண்ணாடிப் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்பா கதவைச் சாத்திவிட்டு, "போச்சு. இனி அவர் என்னோட கதைக்கமாட்டார்" என்றார். நான் சொன்னது சரியோ பிழையோ என்று எனக்கும் தெரியவில்லை, குசினிக்குள் போய் வெங்காயத்தை உரித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் போனது, மறுபடியும் பெல். ஊர்ஸ்தான், மண்ணிறக் கம்பளிச் சட்டையும் சாதாரண காற்சட்டையும், குளித்த தலை ஈரம் காயவில்லை, அந்தப் பனிக்குள் அப்படியே வந்திருக்கிறார். சொல்லாமலே சப்பாத்தை வாசலில் கழற்றினார். பெட்டியடிக்குப் போய்க் குழாய் இரண்டையும் பார்த்தார், விரித்திருந்த தாளைப் பார்த்தார், புண் காய்ந்து மொட்டு மாதிரி புது வால் முளைக்கத் தொடங்கியிருந்தது, அதையும் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டு இருந்துகொண்டு அப்பாவிடம் ஏதோ கேட்டார். அப்பா மொழிபெயர்க்கவில்லை. மேசை விரிப்பை இழுத்து நேராக்கினார். நான்தான், "என்னவாம் கேக்கிறார், சொல்லுங்கோவன்" என்றேன். "மகனுக்கு என்ன பேர் எண்டு கேக்கிறார்" என்றார்.

இந்த நாட்டில் அவனுடைய பெயரைக் கேட்காமல் இல்லை, அகதி விசாரணையில் கேட்டார்கள், எழுத்தைப் பிழையாக எழுதி முத்திரையும் குத்தினார்கள். இப்படிக் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு ஒருவரும் கேட்கவில்லை. "நித்தியானந்தன்" என்றேன். சொல்லி எவ்வளவு காலம். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. அவர் சொல்லிப் பார்த்தார், நிட்டி என்று தொடங்கி நடுவில் நாக்குப் புரண்டது. மறுபடியும் சொன்னார், வரவில்லை. அப்பா இரக்கப்பட்டு, "நித்தி எண்டு சொன்னாக் காணும், நாங்களும் அப்பிடித்தான் கூப்பிடுறது" என்றார். ஊர்ஸ் இல்லை என்று தலையை ஆட்டினார். என் வாயையே பார்த்தார், இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் சொல்ல அவர் சொல்ல, நான் சொல்ல அவர் சொல்ல, குசினியில் சோறு வடிக்காமல் கிடக்க, முழுப்பெயரும் பிழையில்லாமல் வரும்வரை அவர் விடவில்லை. வந்தபோது அப்பா எழும்பி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அதற்குப் பிறகு நான் மூன்று பேருக்கும் சோறு போட்டேன், அப்பா வேலைக்குப் பிந்திப் போனார், ஊர்ஸ் கூடவே போய்க் காரணம் சொன்னாராம்.

ஃபிரிட்ஸ்லி இப்போது அதன் வீட்டில். மேசை மூலை வெறுமையாகக் கிடக்கிறது, பொழுது பட்டால் என் கண் அங்கே போகிறது, நான் இப்படி எழுதுகிறேன் என்று மருமகனுக்குச் சொல்லிவிடாதே, சிரிப்பார். நீ பேரனுடைய தொட்டிலைச் சூட்டுப் பெட்டிக்குக் கிட்டப் போடாதே, வெளிச்சுவரோடும் போடாதே, அறையின் உள்பக்கமாகப் போடு, இரவில் லைட்டை அணைத்துவிடு, குழந்தைக்கும் இருட்டு வேண்டும். ஒரே பிளக்கில் நாலைந்து சாமானைச் செருகாதே, எங்களுக்குப் பியூஸ் போனது அப்படித்தான் என்று ஆள் சொன்னார். மருமகன் இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடித் தொப்பி போடச் சொல்லு.

ஒன்று மறவாதே பிள்ளை. அவனைக் கொண்டுபோன இந்த இரண்டு வருஷமாக நீ எனக்கு எழுதும் கடிதத்திலும் நான் உனக்கு எழுதும் கடிதத்திலும் தம்பி என்ற சொல்லைத் தாண்டி அவனுடைய பெயர் வரவில்லை. ஒருவரை ஒருவர் நோகச் செய்யக் கூடாது என்று இரண்டு பேரும் விட்டுவிட்டோம். இனிமேல் பெயரை எழுது. பேரனுக்குக் கதைக்க வாய் வரும் வயது, மாமாவின் பெயரைச் சொல்லிக்கொடு, சுருக்கிச் சொல்ல விடாதே, முழுவதும் சொல்லட்டும்.

உங்கள் மூவரையும் முருகன் கைவிடாமல் காக்கட்டும், நீடூழி வாழ்க என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம்.

என்றும் உன்னையே நினைக்கும்
அம்மா
சிவமலர் சிவநேசன்